பேக்பஸ், கிளாங்கர்ஸ், ட்ரம்ப்டன்: இன்றைய பிள்ளைகளுக்கு ஓடுமா?

கேள்வி, நவம்பர் 3

என் மகனுக்கு நான்கு வயது. நான் சின்ன வயதில் பார்த்த பழைய பிரிட்டிஷ் சிறுவர் டிவி தொடர்களான பேக்பஸ், ட்ரம்ப்டன் டிவிடிகளைத் தேடி வாங்கிப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். எனக்கே இழுவையாக இருந்தது. இதெல்லாம் நம் தலைமுறையின் ஏக்கம் மட்டும்தான், இன்றைய பிள்ளைகளுக்கு ஓடாது என்று முடிவு செய்துவிட்டேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நவம்பர் 3, இரவு

மறுக்கிறேன். என் வீட்டில் மூத்தவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நான்கு. இருவரும் பார்க்கிறார்கள். மூத்தவன் சில நேரம் முனகிக்கொண்டே பார்க்கிறான், ஆனால் எழுந்து போவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். போட்டுவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போனீர்களா, பக்கத்தில் உட்கார்ந்தீர்களா? பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்க இந்தப் படங்கள் உதவாது. அதற்கு இன்று வேறு எத்தனையோ இருக்கின்றன.

அப்புறம், முதல் நாளே ட்ரம்ப்டன் வேண்டாம். கோர்டன் மரே செய்த மூன்று பொம்மைப்படத் தொடர்களில் அது நடுவில் உள்ளது: 1966ல் கேம்பர்விக் கிரீன், 1967ல் ட்ரம்ப்டன், 1969ல் சிக்லி. ட்ரம்ப்டன் தொடங்கும்போது ஊர்க் கடிகாரத்தைக் காட்டுவார்கள். அவசரப்படாமல், பின்தங்காமல் நிதானமாக நேரம் சொல்லும் கடிகாரம் என்று கதைசொல்லும் பிரையன் கேன்டின் குரல் அறிமுகம் செய்யும். அந்தத் தொடர் போகும் வேகமே அதுதான். பழகாத பிள்ளைக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நவம்பர் 4

மூன்றும் ஒவ்வொன்றும் 13 பாகம்தான். அவ்வளவு குறைவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேக்பஸும் 13தான், மிஸ்டர் பென் முதலில் வந்ததும் 13தான். அவற்றையே வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். அறுபதுகளில் எடுத்ததை எண்பதுகளில் நான் பார்த்தது அப்படித்தான்.

நவம்பர் 7

பேக்பஸ் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளில் சிறு பிள்ளையாகக் கிழக்கு லண்டனுக்கு வந்தவள் நான். ஆங்கிலம் எனக்குப் பள்ளிக்கூடத்தைவிட இந்தக் குரல்களின் வழியாகத்தான் அதிகம் வந்தது. அதனால் என் பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடுதான் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். கழித்த பிறகும் நிறையவே மிஞ்சியது.

1974 பிப்ரவரியில் முதலில் வந்த தொடர். எமிலி என்ற சிறுமிக்கு ஒரு கடை. அந்தக் கடையில் எதையும் விற்பதில்லை. தொலைந்த பொருள்களை, உடைந்த பொருள்களை எமிலி கொண்டுவந்து வைப்பாள், உள்ளே இருக்கும் பொம்மைகள் சரிசெய்து ஜன்னலில் வைக்கும், உரியவர் அந்த வழியாக வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். தொடக்கத்தில் எல்லாம் பழுப்பு நிறப் பழைய புகைப்படங்கள். எமிலி ஒரு செய்யுள் சொல்லி எழுப்பியதும் பேக்பஸ் என்ற துணிப்பூனை கொட்டாவி விடும், அப்போதுதான் நிறம் வரும். சின்னவள் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறாள். எமிலியாகப் படங்களில் நிற்பது பீட்டர் ஃபர்மினின் மகள்.

சின்ன வயதில் எனக்குத் தெரியாமல் போனது இதைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்பது. ஆலிவர் போஸ்ட்கேட் கதை எழுதி, குரல் கொடுத்து, கேமராவுக்கு முன்னால் பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தினார். ஃபர்மின் வரைந்தார், பொம்மை செய்தார். கேன்டர்பரிக்குப் பக்கத்தில் பிளீன் என்ற கிராமத்தில் ஃபர்மின் வீட்டுப் பண்ணைக் கொட்டகைதான் ஸ்டுடியோ. பாட்டும் வாத்தியமும் சாண்ட்ரா கெர், ஜான் ஃபாக்னர் இருவருடையவை. பூனைக்கு ஆரஞ்சு நிறக் கோடுகள் வரவேண்டியது, துணிக்குச் சாயம் போட்ட இடத்தில் தவறி இளஞ்சிவப்பாக வந்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்தப் பூனையை வேறு நிறத்தில் யாரால் நினைக்க முடியும்?

1987ல் கென்ட் பல்கலைக்கழகம் போஸ்ட்கேட்டுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது, இது உண்மையில் பேக்பஸுக்குத்தான் என்றார் அவர். 1999ல் பிபிசி வாக்கெடுப்பில் மக்களுக்கு மிகப் பிடித்த சிறுவர் நிகழ்ச்சியாக வந்ததும் இதுதான்.

நவம்பர் 8

பேக்பஸில் எலிகளின் பிஸ்கட் ஆலை வரும் பாகத்தை முதலில் போடுங்கள். ரொட்டித்தூளும் பட்டர் பீன்ஸும் போட்டால் சாக்லேட் பிஸ்கட் வருகிறது என்று எலிகள் பெருமை அடிக்கும். பேராசிரியர் யாஃபிள் என்ற மரங்கொத்தி நம்பாமல் பின்பக்கம் போய்ப் பார்க்கும். ஒரே பிஸ்கட்டைத்தான் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மூத்தவன் யாஃபிளுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டு வீடு அதிரக் கத்தினான்.

யாஃபிள் உண்மையில் புத்தகங்கள் சாயாமல் தாங்கும் மரப்பொம்மை. எல்லாம் தெரிந்தவர் போல் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும் அந்தத் தோரணையில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் போஸ்ட்கேட்டின் மாமா ஜி.டி.எச். கோலும் இருக்கிறார்கள். போஸ்ட்கேட்டின் தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி, பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவராக இருந்தவர். அறிவாளிகள் ஓயாமல் பேசிய வீட்டில் வளர்ந்தவருக்கு யாஃபிளை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

நவம்பர் 12

கிளாங்கர்ஸ். எங்கள் வீட்டில் பேக்பஸைவிட இதற்குத்தான் மவுசு.

1969 நவம்பரில் தொடங்கியது, மனிதன் நிலவில் கால் வைத்து நான்கு மாதத்தில். தொலைவில் ஒரு சிறிய நீல உருண்டை, அதில் பள்ளங்களை மூடும் உலோக மூடிகள், கீழே இளஞ்சிவப்புக் கம்பளி எலிகளின் குடும்பம். ஃபர்மினின் மனைவி ஜோன் பின்னிய உடல்கள். கிணற்றுக்குள் சூப் காய்ச்சும் டிராகன், கம்பிக்கூடு கட்டி வாழும் இரும்புக் கோழி, இசைச் சுரங்கள் காய்க்கும் மரங்கள். வெர்னன் எலியட்டின் இசை கேட்டாலே வீட்டில் சத்தம் குறைகிறது.

கிளாங்கர்கள் பேசுவதில்லை, விசில் அடிக்கின்றன. ஆனால் அந்த விசில் சும்மா ஊதியது இல்லை. போஸ்ட்கேட் ஒவ்வொரு வரியையும் முழு ஆங்கில வசனமாக எழுதிவிட்டு, அந்த ஏற்ற இறக்கத்திலேயே ஊதச் செய்தார். ஒரு பாகத்தில் கதவு சிக்கிக்கொள்ள, பெரிய கிளாங்கர் கெட்ட வார்த்தையில் திட்டுவதாக எழுதியிருந்தார். எழுத்துப் பிரதியைப் படித்த பிபிசிக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார். விசில்தானே, யாருக்குப் புரியும் என்றார் இவர். புரியும், எல்லாருக்கும் புரிந்துவிடும் என்றார் அவர். பிள்ளைகளுக்குச் சொன்னேன். இப்போது வீட்டில் எந்தக் கதவு சிக்கினாலும் விசில்தான்.

இன்னொன்றும் போஸ்ட்கேட் சொல்லியிருக்கிறார். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களுக்கு ஒரு பாகத்தைக் கதைசொல்லும் குரல் இல்லாமல் போட்டுக்காட்டி, புரிந்ததா என்று கேட்டாராம். புரியாமல் என்ன, நல்ல ஜெர்மனில்தானே பேசின என்றார் ஒருவர். இன்னொருவர், இல்லையே, ஸ்வீடிஷ் அல்லவா என்றார்.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. என் அம்மா எங்களோடு இருக்கிறார். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கில கார்ட்டூன் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கண்ணயர்ந்துவிடுவார். கிளாங்கர்ஸ் போட்டேன். விசிலுக்கு அவரே தமிழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார். "எடியே, சூப்பை ஊத்தாமல் கொண்டு வா." தாய்க் கிளாங்கர் அதற்குத் தலையாட்டியது போலவே இருந்தது. சின்னவளுக்கு இப்போது நான் சொல்வது பிடிப்பதில்லை, அம்மம்மா சொல்ல வேண்டும். தமிழில் பேசச் சொல்லி நான் மன்றாடும் மூத்தவன்கூட, இரும்புக் கோழிக்கு நான்தான் குரல் என்று வந்து உட்கார்ந்தான்.

மெதுவாக இருப்பது ஏன் நல்லது என்று முதல் நாள் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இதற்காகத்தான். நாம் நுழைந்து பேச அங்கே இடம் இருக்கிறது.

நவம்பர் 13

"இருக்கும் கதையை விட்டு நம் இஷ்டத்துக்குச் சொன்னால் படைத்தவருக்கு மரியாதைக் குறைவு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அண்ணா.

பிரிட்டிஷ் சிறுவர் டிவியின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றே அப்படி வந்ததுதான். மேஜிக் ரவுண்டபவுட் பிரெஞ்சுப் படம், செர்ஜ் டானோ செய்தது. 1965ல் பிபிசிக்கு வந்தபோது எரிக் தாம்சன் பிரெஞ்சு வசனத்தை மொழிபெயர்க்கவே இல்லை. படத்தை மட்டும் பார்த்துப் புதிதாக அவரே கதை எழுதி, எல்லாக் குரலையும் அவரே பேசினார். பிரெஞ்சில் ஆங்கிலேயர் மாதிரி பேசிய போலக்ஸ் என்ற நாய், இவர் கையில் டூகல் என்ற சிடுசிடுப்புக்காரன் ஆனது. மாலைச் செய்திக்கு முன் ஐந்து நிமிடம். வேலையிலிருந்து வந்த பெரியவர்களும் அதற்காக உட்கார்ந்தார்கள். நடிகை எம்மா தாம்சனின் அப்பா இவர்.

ஆகவே தைரியமாகச் சொல்லுங்கள்.

நவம்பர் 19

கேப்டன் பக்வாஷ் என்ற கடற்கொள்ளையர் கார்ட்டூனின் பாத்திரங்களுக்கு ஆபாசப் பெயர்கள் வைத்திருந்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கட்டுக்கதை. தொடரில் அப்படிப் பெயர்களே இல்லை. செய்தவர் ஜான் ரயன், இதை அச்சிட்ட பத்திரிகைகளைத் திருத்தம் போட வைத்தார், 1991ல். ஒரு மனிதர் அட்டைப் பொம்மைகளை வெட்டி, நெம்புகோல் வைத்து ஆட்டி, பிள்ளைகளுக்காகச் செய்த வேலை அது. இந்த வதந்தியை இனியும் பரப்ப வேண்டாம்.

நவம்பர் 20

எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று தோழி ஒருத்தி தனிச்செய்தியில் எழுதினாள். நியாயமான பேச்சு. பெற்றவளாகப் பார்க்கும்போது உறுத்துவதும் உண்டு.

வாம்பிள்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. வாம்பிள்கள் வளையில் வாழும் கற்பனை விலங்குகள், லண்டனின் விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில் மனிதர்கள் போட்ட குப்பையைப் பொறுக்கி உருப்படியாக மாற்றுவார்கள். 1973ல் அதைச் சொன்னது பெரிய விஷயம், பெர்னார்ட் கிரிபின்ஸின் குரலும் அருமை. ஆனால் அந்த வளைக்குள் பெண் என்று மேடம் ஷோலே ஒருத்திதான், அவளும் சமையலறையில். சின்னவள் கேட்டாள்: "மற்ற பெண்கள் எங்கே?" ட்ரம்ப்டனில் தீயணைப்புப் படை முழுக்க ஆண்கள். கேம்பர்விக் கிரீனில் விண்டி மில்லர் என்ற காற்றாலைக்காரர் சைடர் என்ற ஆப்பிள் மதுவைக் குடித்துவிட்டு மயங்கித் தூங்குவதும் இருக்கிறது.

நான் நிறுத்தி, பேசிவிட்டு, தொடர்கிறேன். மறைப்பதில்லை. அந்தக் காலம் அப்படி இருந்தது, அது சரியில்லை என்று சொன்னால் எட்டு வயதுக்குப் புரிகிறது.

டிசம்பர் 1

"மெதுவாக இருந்தது கலை இல்லை, காசு இல்லாததால்" என்ற கருத்துக்கு.

இதைப் பற்றி ஒரு வாரமாக யோசித்தேன். பாதி உண்மை. ட்ரம்ப்டன் தீயணைப்புப் படை ஒவ்வொரு முறையும் மணி அடித்துக்கொண்டு ஓடும், ஒரு தடவைகூடத் தீயை அணைக்காது. நெருப்பையும் தண்ணீரையும் பொம்மைப்படத்தில் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டம். ஆனால் அந்தத் தட்டுப்பாட்டிலிருந்து என்ன வந்தது பாருங்கள். தொப்பி பறந்தவருக்கும் மரத்தில் ஏதோ மாட்டிக்கொண்டவருக்கும் உதவுவதற்காகத் தீயணைப்புப் படை வரும் ஓர் ஊர் வந்தது. கடைசியில் அதே ஆட்கள் பூங்காவில் பேண்டு வாசிப்பார்கள். படைத் தலைவர் பெயர் கூப்பிடும் அந்த வரிசையை, பியூ, பியூ, பார்னி மெக்ரூ, கத்பர்ட், டிபிள், க்ரப், இங்கிலாந்தில் ஐம்பது வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்வார். இரண்டு பியூவும் இரட்டையர்கள்.

கோர்டன் மரே அந்தப் பொம்மைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பின்னாளில் தோட்டத்தில் தீமூட்டி எரித்துவிட்டார். முதலில் படித்தபோது மனசு கேட்கவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. அவருக்கு அவை வேலைக்கான கருவிகள், வேலை படத்தில் இருக்கிறது. என்றாலும் ஒரு விண்டி மில்லரையாவது விட்டு வைத்திருக்கலாம்.

டிசம்பர் 2

டேஞ்சர் மவுஸ் என்ற உளவாளி எலியின் கார்ட்டூனும் அப்படித்தான், காசுத் தட்டுப்பாட்டில் வந்தது. 1981ல் மான்செஸ்டரின் காஸ்க்ரோவ் ஹால் ஸ்டுடியோ செய்தது. வரையும் செலவு மிச்சம் என்று வடதுருவத்துக்குக் கதையைக் கொண்டுபோவார்கள், பின்னணி முழுக்க வெள்ளை. இருட்டில் கண்கள் மட்டும் தெரியும் காட்சிகளும் அதற்காகத்தான். மூத்தவன் இதைத் தெரிந்துகொண்டு, எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பாகத்திலும் தேடுகிறான். எட்டு வயதுக்கு முதலில் போட வேண்டியது இதுதான். பேச்சு வேகம், சிலேடை ஏராளம், டேவிட் ஜேசனின் குரல்.

டிசம்பர் 10

தபால்காரர் கதையான போஸ்ட்மேன் பேட் பற்றி யாரும் எழுதவில்லையே. 1981 தொடரைச் சொல்கிறேன், பின்னால் வந்த ஹெலிகாப்டர் எல்லாம் உள்ளதை இல்லை. கதை எழுதிய ஜான் கன்லிஃப் வடமேற்கு இங்கிலாந்தில் கம்ப்ரியாவில் கெண்டல் ஊரில் இருந்தவர். பக்கத்து லாங்ஸ்லெடேல் பள்ளத்தாக்கை மனத்தில் வைத்துத்தான் பேட்டின் ஊரான கிரீன்டேலை எழுதினார். கோடை விடுமுறையில் குடும்பமாக அந்த வழியே போனோம். ஒற்றை வண்டி போகும் சாலை, இருபக்கமும் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர், எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் நகர வேண்டியதுதான். பேட் ஒரு பாகம் முழுக்க ஏன் நாலைந்து வீட்டுக்குத்தான் போகிறார் என்று அங்கே நின்றால் விளங்குகிறது.

படங்களைச் செய்தவர் ஐவர் வுட். இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டானோவோடு மேஜிக் ரவுண்டபவுட், பிறகு வாம்பிள்ஸ், 1976ல் பேடிங்டன், பிறகு பேட். பேடிங்டனில் கரடி மட்டும் கனமுள்ள பொம்மை, மனிதர்களும் வீடும் காகிதத்தில் வரைந்து வெட்டியவை. வேற்றூரிலிருந்து வந்து ஒட்டாமல் நிற்கும் ஒருவனைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. லண்டனுக்கு வந்த புதிதில் நான் அந்தக் கரடியை உற்றுப் பார்த்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

டிசம்பர் 22

தி ஸ்னோமேன் என்ற பனிமனிதன் படத்தை நான்கு வயதுக்குக் காட்டலாமா என்று பலர் கேட்கிறீர்கள், பிள்ளை அழும் என்ற பயத்தில்.

காட்டுங்கள். ஆனால் உடன் இருங்கள். 1982 டிசம்பர் 26ல் சேனல் 4ல் முதலில் வந்தது, சேனலே தொடங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. டயான் ஜாக்சன் இயக்கம், ரேமண்ட் பிரிக்ஸின் 1978 புத்தகம். பேச்சே கிடையாது. பறக்கும்போது வரும் ஹவர்ட் பிளேக்கின் பாட்டு ஒன்றுதான், பாடியவர் பீட்டர் ஆட்டி என்ற சிறுவன். பின்னால் தனியாக வெளியிட்டுப் புகழ்பெற்றது அலெட் ஜோன்ஸ் பாடியது.

கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கப் போவது படத்துக்காகச் சேர்த்தது. புத்தகத்தில் கிறிஸ்துமஸே இல்லை. பனி, ஒரு பையன், ஓர் இரவு, காலையில் பனிமனிதன் உருகியது, அவ்வளவுதான். பிரிக்ஸ் மரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்காதவர். தாத்தா இல்லாமல் போன வருடம் நாங்கள் இதைப் பார்த்தோம். சின்னவள் அழவில்லை, மூத்தவன்தான் அழுதான். அவன் அதுவரை தாத்தாவைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தவன், அன்று இரவு நிறையப் பேசினான். உருகாமல் திரும்பி வருகிற மாதிரி ஒரு முடிவு இருந்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

ஜனவரி 5

இன்றைய நிகழ்ச்சிகள் எல்லாமே மோசம் என்று இங்கே சிலர் எழுதுவதோடு எனக்கு உடன்பாடு இல்லை. நவம்பரில் எனக்கும் அந்தச் சாய்வு கொஞ்சம் இருந்தது, இந்த விடுமுறையில் சின்னவளோடு புதியவற்றையும் பார்த்த பிறகு இல்லை.

பழையவற்றில் எனக்குப் பிடித்தது முக்கியமாக அந்தக் கதைசொல்லும் குரல். பிரையன் கேன்ட் விண்டி மில்லரிடம் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருப்பார், விண்டி தலையாட்டும். பிள்ளையும் அந்த இடைவெளியில் பதில் சொல்லும். அது அறுந்துபோகவில்லை. சாரா அண்ட் டக்கில் ரோஜர் ஆலம் அப்படியே சாராவிடம் பேசுகிறார். ஹே டக்கியில் அலெக்சாண்டர் ஆர்ம்ஸ்ட்ராங். பெப்பா பிக்கூட 2004ல் ஒரு சிறிய ஸ்டுடியோவில் பிறந்ததுதான், ஐந்து நிமிடம், ஒரு கதைசொல்லி. 2015ல் கிளாங்கர்ஸ் திரும்ப வந்தபோது குரல் மைக்கேல் பேலின், கதை எழுதியவர்களில் போஸ்ட்கேட்டின் மகன் டேனியலும் ஒருவர். கம்பளிப் பொம்மையை அப்போதும் கையால்தான் நகர்த்தினார்கள்.

ஜனவரி 6

மிஸ்டர் பென்னை விட்டுவிட்டேன். டேவிட் மெக்கீ, 1971. கறுப்பு சூட் போட்ட மனிதர், வேடக் கடைக்குப் போவார், உடை மாற்றுவார், இன்னொரு கதவு வழியாக வேறு உலகம். முதல் கதையில் வீரன் வேடம் போட்டும் வாளை எடுக்கவில்லை. டிராகன்மேல் பழி போட்ட தீப்பெட்டி வியாபாரியைக் கண்டுபிடித்து எல்லாரையும் பேசவைக்கிறார். என் மகன் விளையாட்டில் இப்போது டிராகனுக்கு வக்கீல் இருக்கிறார்.

ஜனவரி 11

மூன்று வயதுக்கும் குறைந்த பிள்ளைக்கு எது என்று கேட்டவருக்கு: ஐவர் தி எஞ்சின். வேல்ஸின் வடமேற்கு மூலையில் ஒரு சின்ன ரயில் எஞ்சின், அதற்குப் பாடகர் குழுவில் சேர ஆசை. விசிலைக் கழற்றி ஆர்கன் குழாய் மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான் கதை. எஞ்சின் ஓடும் சத்தம் எந்த இயந்திரத்திலும் பதிவு செய்ததில்லை, போஸ்ட்கேட் வாயாலேயே எழுப்பியது. ஆகவே பிள்ளையாலும் முடியும், உங்களாலும் முடியும். 1959ல் வந்தது கறுப்பு வெள்ளை. 1975 முதல் 1977 வரை பிபிசிக்கு வண்ணத்தில் மறுபடி எடுத்தார்கள், ஒரு பாகம் ஐந்து நிமிடம். வண்ணத்தில் வந்ததிலிருந்து தொடங்குங்கள், டிராகன் இட்ரிஸ் வரும் பாகங்களைத் தவறவிடாதீர்கள்.